பிள்ளையைக் கொடுக்காத டீச்சர்

சனிக்கிழமை சாயங்காலம் சர்ச் வாசலில் நடந்தது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேர் குரூப்பில் வந்த அந்த மூன்று நிமிட வாய்ஸ் மெசேஜைக் கேட்டிருப்பீர்கள். "பாட்டுச் சொல்லிக் கொடுத்து பிஸ்கட் கொடுக்கிறவங்களுக்கு இவ்வளவு அதிகாரமா?" என்று அதில் கேட்டது என்னைத்தான். ரெண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன். முடியவில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். சர்ச்சில் சனிக்கிழமைப் பிள்ளைகள் வகுப்பு எடுக்கிற வாலண்டியர் நான். பையனுக்கு ஏழு வயது. யார் யார் பிள்ளையைக் கூட்டிப் போகலாம் என்று எழுதி வைக்கிற எங்கள் நோட்டில், கூட்டிப் போக வந்தவர் பெயர் இல்லை. அம்மா தஞ்சோங் மாலிம் பேக்டரியில் ஷிப்டில் இருந்தார். நாலு தடவை அடித்தேன், போன் எடுக்கவில்லை. அதனால் அனுப்பவில்லை. ஏழு மணிக்கு ஷிப்ட் முடிந்ததும் அவரே கூப்பிட்டு, "என் அண்ணன்தான் டீச்சர், அனுப்புங்க" என்றார். அனுப்பினேன். அரை மணி நேரம் காத்திருக்க வைத்தேன். நான் செய்த குற்றம் இதுதான்.

"சொந்தத் தாய்மாமன், டீச்சருக்குத் தெரியாதா?" தெரியும்தான். பஜாரில் பார்த்திருக்கிறேன். முகம் தெரிவது வேறு, நோட்டில் பெயர் இருப்பது வேறு. சம்பளம் வாங்கவில்லை என்பதற்காகப் பொறுப்பு குறைந்துவிடுமா? நாளைக்கு ஒன்று ஆகிவிட்டால் போலீஸில் "நீங்க வாலண்டியர்தானே, வீட்டுக்குப் போங்க" என்று அனுப்பிவிடுவார்களா?

என் பாட்டி ரப்பர் தோட்டத்தில், வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளை விடுகிற ஆயாக் கொட்டகை பார்த்தவர். விடிவதற்கு முன்னால் பால் வெட்டப் போகிறவர்கள் தூங்குகிற பிள்ளைகளைத் தோளில் போட்டுக் கொண்டுவந்து விடுவார்கள். வரிசையாகச் சேலைத் தொட்டில். பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது, நோட்டும் கிடையாது. ஆனால் தாய் வராமல் பிள்ளையைத் தொட விடமாட்டார். ஒருநாள் குடித்துவிட்டு வந்த தகப்பனையே வாசலில் உட்கார வைத்துவிட்டாராம். பெண்டாட்டி ரப்பர் பாலை எடை போட்டுவிட்டு வருகிற வரைக்கும் அவன் கத்திக்கொண்டே இருந்தானாம். பாட்டி பாட்டுக்குத் தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்தாராம். அவரைப் பற்றி யாரும் வாய்ஸ் மெசேஜ் போடவில்லை. போட வழியில்லை, அது வேறு விஷயம்.

"ஊழியம் என்றால் தாழ்மை வேண்டும் சிஸ்டர்" என்று ஒருவர் அறிவுரை சொல்லியிருக்கிறார். சரிங்க பிரதர். தாழ்மையாகத்தான் மைலோ கலக்குகிறேன், தாழ்மையாகத்தான் டாய்லெட் கழுவுகிறேன். கேட்டவர் கையில் எல்லாம் பிள்ளையைத் தூக்கிக் கொடுப்பதற்குப் பெயர் தாழ்மை இல்லை. வகுப்பில் எப்போதும் பெரியவர்கள் ரெண்டு பேர் இருக்க வேண்டும், கதவு திறந்திருக்க வேண்டும், பிள்ளைகளின் படத்தைக் கண்ட இடத்தில் போடக்கூடாது. இதெல்லாம் நான் பந்தாவுக்கு வைத்த ரூல்ஸ் இல்லை. நம்ம மலேசியாவில் 2017-லேயே சிறார் மீதான பாலியல் குற்றங்களுக்குத் தனிச் சட்டம் வந்துவிட்டது. நம்பிக்கைக்குரிய இடத்தில் இருக்கிறவரே தப்புச் செய்தால் கூடுதல் தண்டனை, தெரிந்தும் சொல்லாமல் இருந்தால் அதுவும் குற்றம். அதை நான் படித்தது அதிகாரமா?

இதற்குள் ஒருவர் மதத்தையும் இழுத்துவிட்டார், பாதிப் பிள்ளைகள் சர்ச் பிள்ளைகளே இல்லையாமே என்று. ஆமாம், இல்லை. 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களின் மதத்தைத் தீர்மானிப்பது பெற்றோர் அல்லது பாதுகாவலர் என்று அரசியலமைப்பு 12(4) சொல்கிறது. அம்மா அப்பா கையெழுத்துப் போட்ட கடிதம் இல்லாமல் எங்களிடம் ஒரு பிள்ளையும் கதை கேட்க உட்காருவதில்லை. அவ்வளவுதான்.

பையன் அழுதான், அது உண்மை. ஐஸ்கிரீம் குச்சியில் செய்த நோவா பேழையை மடியில் வைத்துக்கொண்டு, பசை காயாமல் ஆடிக்கொண்டிருந்த ஒட்டகச்சிவிங்கியைப் பிடித்தபடியே அழுதான். படியில் அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது நான். வாய்ஸ் மெசேஜில் இந்த இடம் வரவில்லை.

1780-இல் இங்கிலாந்தின் குளோஸ்டர் நகரத்தில் ராபர்ட் ரெய்க்ஸ் ஞாயிறு பள்ளி ஆரம்பித்தபோது, வாரம் முழுக்க வேலைக்குப் போன ஏழைப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்கப் பெண்களை வைத்தார். ஞாயிற்றுக்கு ஒரு ஷில்லிங் கூலி. எங்களுக்கு அந்த ஷில்லிங்கும் இல்லை. கேட்கவும் இல்லை. பசை, கலர் பேப்பர், மோட்டார் சைக்கிளுக்கு எண்ணெய் எல்லாம் என் கைக்காசு. கணக்குச் சொல்லிக் காட்டுகிறேன் என்பீர்கள். சொல்லத்தான் போகிறேன். இருபத்திரண்டு பிள்ளைகளுக்கு நாங்கள் ரெண்டு பேர். உதவிக்கு ஆள் வேண்டும் என்று மூன்று ஞாயிறு அறிவிப்புக் கொடுத்தோம். ஒருவரும் வரவில்லை. வாய்ஸ் மெசேஜ் போட்டவரும் அன்றைக்கு மூன்றாவது வரிசையில்தான் உட்கார்ந்திருந்தார். அதன் கீழே கைதட்டல் எமோஜி போட்டவர்களில் நாலு பேருடைய பிள்ளைகளுக்கு மூக்குத் துடைத்துவிட்டது இந்தக் கைதான். வலிக்காதா?

விட்டுவிடலாமே என்கிறார் வீட்டுக்காரர். கோபம் ஏறும்போது எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. ஆனால் அந்தப் பையனின் அம்மா நேற்று ஷிப்ட் முடிந்து நேரே வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு பொட்டலம் மீகூன். "இனிமேலும் இப்படியே செய்யுங்க டீச்சர்" என்று மட்டும் சொல்லிவிட்டு, நோட்டைக் கேட்டு வாங்கி அண்ணன் பெயரை எழுதிவிட்டுப் போனார்.

வருகிற சனிக்கிழமை நாலு மணிக்கு வழக்கம்போல வகுப்பு உண்டு. நோட்டு அதே மேசையில்தான் இருக்கும். பெயர், உறவு, போன் நம்பர், கையெழுத்து. பேனாவை நூல் கட்டி வைத்திருக்கிறேன். போன மாதம் மட்டும் நாலு பேனா காணாமல் போயிருக்கிறது.