புகைத்தடை தோற்றுவிட்டது என்று கொண்டாடுபவர்களுக்கு

சனிக்கிழமை இரவு பாரில் நடந்த விருந்தில் நேர்ந்ததை எழுதவே கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் நண்பர் அதை ஒரு நகைச்சுவைத் துணுக்காக்கித் தன் பக்கத்தில் போட்டு, இத்தனை பேர் விழுந்து விழுந்து சிரித்த பிறகு வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. "பாருக்குள் வந்து சுத்தமான காற்று கேட்கிறார் ஒருவர்" என்று தொடங்கும் அந்தப் பதிவைப் படித்திருப்பீர்கள். அந்த ஒருவர் நான்தான். பெயர் போடாத பெருந்தன்மைக்கு நன்றி. ஆனால் அந்தக் குறையைப் பின்னூட்டத்தில் மூன்று பேர் உடனே தீர்த்து வைத்துவிட்டார்கள்.

நான் கேட்டது ஒன்றே ஒன்று. 'புகை பிடிக்காதீர்' என்ற பலகைக்கு நேர் கீழே உட்கார்ந்து சிகரெட் பற்றவைத்தவரிடம், வெளியே போய்ப் பிடிக்க முடியுமா என்று கேட்டேன். குரலை உயர்த்தவில்லை. 'தயவுசெய்து' கூடச் சொன்னேன். மேசை முழுக்கச் சிரிப்பு. பரிமாறும் தம்பி ஓடி வந்தார். தடுக்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன். அவர் கொண்டுவந்து வைத்தது ஒரு காகிதக் கோப்பை. அடியில் நனைத்த டிஷ்யூ பேப்பர். சாம்பல் கிண்ணம் வைத்தால் புகைக்க அனுமதித்ததாகிவிடும் அல்லவா, அதனால் கோப்பை. சட்டத்தை மதிக்கிறார்களாம்.

நண்பருடைய பதிவின் கடைசி வரிக்கு வருகிறேன். "தடை போட்டு யாரைத் திருத்தினீர்கள்?"

யாரையும் திருத்துவதற்காக அந்தத் தடை வரவில்லை ஐயா. உங்கள் நுரையீரலைப் பற்றி அந்தச் சட்டத்துக்கு இரண்டாம்பட்சமான அக்கறைதான். அது அந்தக் கோப்பையைக் கொண்டுவந்து வைத்த தம்பிக்காகப் போட்ட சட்டம். நீங்கள் இரண்டு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போய்விடுவீர்கள். அவர் நள்ளிரவு வரை அங்கேயே நிற்பார். நாளைக்கும் நிற்பார்.

2004 மார்ச் 29 அன்று அயர்லாந்து தன் பப்புகள் உட்பட எல்லாப் பணியிடங்களிலும் புகையை நிறுத்தியது. நாடு முழுவதற்கும் அப்படிச் செய்த முதல் நாடு அதுதான். 'பணியிடம்' என்ற சொல்லைக் கவனியுங்கள். உங்களுக்குக் கேளிக்கைக் கூடம், இன்னொருவருக்கு அது வேலை செய்யும் இடம். பப் இல்லாமல் அயர்லாந்து ஏது, இது ஒரு மாதம்கூடத் தாங்காது என்று அன்றும் சிரித்தார்கள். அடுத்த மூன்று ஆண்டுகளுக்குள் நார்வே, நியூசிலாந்து, இத்தாலி, ஸ்காட்லாந்து எல்லாம் அதே வழியில் வந்துவிட்டன.

"வேலை செய்ததா?" என்று கேட்பவர்களுக்கு. கலிபோர்னியாவில் 1998 ஜனவரியில் பார்களில் தடை வந்தது. சான் பிரான்சிஸ்கோவில் மது ஊற்றிக்கொடுக்கும் 53 பேரைத் தடைக்கு முன்பும் பின்பும் பரிசோதித்தார்கள். முன்பு அவர்களில் 39 பேருக்கு இருமல், இளைப்பு போன்ற மூச்சுத் தொல்லைகள் இருந்தன. தடை வந்த சில வாரங்களுக்குள் அந்த 39 பேரில் 23 பேருக்கு அவை இல்லாமல் போயின. மருந்து இல்லை, மாத்திரை இல்லை, யாரும் திருந்தவும் இல்லை. பற்றவைப்பவர்கள் வாசலுக்கு வெளியே போனார்கள், அவ்வளவுதான். நான் சனிக்கிழமை கேட்டதும் அந்த 'அவ்வளவுதான்' மட்டுமே.

ஹெதர் குரோ என்று ஒரு கனடாக்காரப் பெண்மணி. நாற்பது ஆண்டுகள் உணவகங்களில் பரிமாறியவர். வாழ்நாளில் சிகரெட்டைத் தொட்டதில்லை. 2002இல் நுரையீரல் புற்றுநோய் என்றார்கள். இருந்த நாட்களில் ஊர் ஊராகப் போய், பணியிடங்களில் புகையை நிறுத்துங்கள் என்று பேசிவிட்டு 2006இல் இறந்துபோனார். "பிடிக்கவில்லை என்றால் வராதே" என்று அன்று என்னிடம் சொன்னவர், இதை அவரிடமும் சொல்லியிருப்பாரா? எனக்கு வராமல் இருக்க முடியும். சம்பளத்துக்கு வருபவர் எங்கே போவார்?

"தனி அறை கட்டிவிட்டால் தீர்ந்தது" என்று ஒருவர் சமாதானத் தூதுவராக எழுதியிருந்தார். அந்தத் தனி அறைக்குள் யார் போய்ப் பரிமாறுவது? புகை என்ன, கோடு போட்டால் இந்தப் பக்கமே நின்றுகொள்ளுமா? காற்றோட்டத்தாலும் காற்று வடிகட்டும் கருவிகளாலும் இந்தப் புகையை முழுக்க நீக்க முடியாது என்று அமெரிக்க அரசின் தலைமை மருத்துவ அதிகாரி 2006இலேயே அறிக்கை கொடுத்துவிட்டார். விமானத்தில் ஒரு காலத்தில் புகைப்பவர்களுக்கென்று தனி வரிசைகள் இருந்தன. முன் வரிசையில் தூய காற்று, பின் வரிசையில் புகைமண்டலம், நடுவில் இருந்தது வெறும் நம்பிக்கை.

விமானம் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. புகைக்க முழுத் தடை உள்ள இன்றைய விமானத்திலும் கழிப்பறைக் கதவில் சின்னதாகச் சாம்பல் கிண்ணம் இருக்கும். பாதுகாப்பு விதியே அதை வைக்கச் சொல்கிறது. மீறிப் பற்றவைக்கும் ஒருவன் துண்டைக் குப்பைத் தொட்டியில் போட்டு விமானத்தையே கொளுத்திவிடக் கூடாது என்பதற்காக. ஆக, விதி எழுதியவர்களுக்கு அதை மீறுபவன் இருப்பான் என்று நன்றாகத் தெரியும். அதற்காக "விமானத்தில் புகைத்தடை தோற்றுவிட்டது" என்று எவராவது பதிவு போடுகிறாரா? ஒருவர் மீறினால் தடை தோற்றுவிட்டது என்றால், திருட்டுக்கு எதிரான சட்டம் என்றைக்கோ தோற்றுவிட்டது. வீட்டுக் கதவைத் திறந்துபோட்டுவிட்டுத் தூங்குங்கள்.

தடை தோற்கும் இடமும் உண்டு, மறுக்கவில்லை. அரைகுறையாகப் போட்டால் தோற்கும். ஸ்பெயின் 2006இல் சிறிய பார்களுக்கு மட்டும் 'உங்கள் விருப்பம்' என்று விட்டது. பெரும்பாலானவர்கள் எதை விரும்பினார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. 2011இல் அவர்களே முழுத் தடைக்கு வர வேண்டியதாயிற்று.

தடையால் மாரடைப்பு பாதியாகக் குறைந்தது என்றெல்லாம் அளக்காதீர்கள் என்று ஒருவர் புள்ளிவிவரத்தோடு வந்திருக்கிறார். சரி, ஒப்புக்கொள்கிறேன். அமெரிக்காவின் ஹெலெனா என்ற சிற்றூரில் ஆறு மாதத் தடையில் மாரடைப்பு நோயாளிகள் 40இலிருந்து 24ஆகக் குறைந்ததைக் காட்டிப் பலர் குதித்தார்கள். ஊர் சிறியது, எண்ணிக்கையும் சிறியது. பெரிய ஆய்வுகளில் அவ்வளவு வரவில்லை. ஸ்காட்லாந்தில் ஒன்பது மருத்துவமனைகளில் பார்த்தபோது 17 சதவீதம்தான் குறைந்தது. 'தான்' என்று எழுதும்போது எனக்கே கூசுகிறது.

வியாபாரம் படுத்துவிடும் என்பவர்களுக்குப் பதில் சொல்லும் பொறுமை இல்லை. குடிக்க வருபவன் குடிக்க வருவான்.

இனி முக்கியமான குற்றச்சாட்டு. "நேற்றுவரை ஊதியவன் இன்று உபதேசம் செய்கிறான்." இதற்குத்தான் அதிக விருப்பக்குறிகள். ஆமாம், பதினோரு ஆண்டுகள் ஊதினேன். அதனால்தான் சொல்கிறேன். எங்கள் அலுவலகம் நான்காம் மாடியில் இருந்தது. நடைபாதை ஜன்னலோரம் நின்று பிடிப்போம். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த கணக்குப் பிரிவு அக்கா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டே எழுதுவார். அது அவருடைய பழக்கம் என்று நினைத்திருந்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்திருந்தேன். கட்டடத்துக்குள் கூடாது என்று தடை வந்த நாளில் அதிகம் கத்தியவன் நான்தான். ஒவ்வொரு சிகரெட்டுக்கும் நான்கு மாடி இறங்கி ஏற வேண்டியிருந்தது. நாளுக்குப் பதினைந்து என்பது ஆறாகியது. தடை என்னை அப்படியே நிறுத்திவிட்டது என்று கதை சொல்ல மாட்டேன். நிறுத்த இன்னும் இரண்டு ஆண்டுகள் பிடித்தன. ஆனால் தடை வந்த மறுவாரம் ஜன்னலைக் கடந்து போனபோது, அக்கா இரண்டு கைகளையும் மேசைமேல் வைத்து எழுதிக்கொண்டிருந்தார். முந்தானை தோளில் இருந்தது.

அவரிடம் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. ஓய்வு பெற்றுப் போய்விட்டார்.

இதை நண்பருக்கு ஒருமுறை சொல்லியிருக்கிறேன். ஒருமுறை அல்ல, பலமுறை. நான் புகையை விட்ட முதல் மாதத்தில் கை நடுங்கியபோது பக்கத்தில் இருந்தவர் அவர். அந்த மாதத்தில் என் எதிரில் ஒருநாள்கூட அவர் பற்றவைத்ததில்லை. யாரும் பலகை மாட்டவில்லை, யாரும் அபராதம் கேட்கவில்லை. அதே மனிதர் சனிக்கிழமை எல்லோரோடும் சேர்ந்து சிரித்தார். பற்றவைத்தவர் யாரோ ஒருவர், அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. எல்லாம் தெரிந்தவர், "விடப்பா, பாரில் வந்து பூஜை செய்யாதே" என்று சொன்னதுதான் இன்னும் உள்ளே கிடக்கிறது.

எழுந்து வெளியே போய்விட்டேன். வேடிக்கையைப் பாருங்கள், புகைப்பவர் போக வேண்டிய இடத்துக்கு மூச்சுவிட நான் போனேன். கொஞ்ச நேரத்தில் அந்தத் தம்பியும் படிக்கட்டுக்கு வந்தார். இருமினார். பிறகு மெதுவாக, "கோப்பை வைத்தது நான் என்று யாரிடமும் புகார் கொடுத்துவிடாதீர்கள் சார். வைக்கச் சொல்லித்தான் வைத்தேன்" என்றார்.

கொடுக்கவில்லை தம்பி.

கேக் வெட்டும் படத்தில் என்னைக் காணோமே என்று கேட்டவர்களுக்கு: அப்போது நான் அந்தப் படிக்கட்டில்தான் உட்கார்ந்திருந்தேன். கூப்பிட யாரும் வரவில்லை.