தானாக வந்த மக்காச்சோளமா அது?

ஞாயிற்றுக்கிழமை நேரலையை நீங்களும் பார்த்திருப்பீர்கள். மெக்சிகோவின் நாட்டு மக்காச்சோளம் இயற்கை கொடுத்ததாம், விவசாயிகள் அதை அழியாமல் வைத்திருந்தார்களாம், அவ்வளவுதானாம். கீழே வரிசையாகக் கைதட்டல். அன்றிலிருந்து மனசு ஆறவில்லை.

இயற்கை கொடுத்தது தியோசிண்டே என்ற புல். கல் மாதிரி ஓட்டுக்குள் ஒவ்வொரு விதை, கதிருக்குப் பத்துப் பன்னிரண்டு தேறினால் அதிகம். பால்சாஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கில் தொடங்கி, ஏறத்தாழ 9,000 ஆண்டுகளாக விதைக்கு எதை எடுப்பது என்று முடிவு செய்தவர்கள்தான் அதை மக்காச்சோளமாக்கினார்கள்.

வேலைக்காக மெக்சிகோவின் வஹாக்கா மாநிலத்தில் தங்கியிருந்தபோது வீட்டுக்கார அம்மா விதை எடுப்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். அறுவடைக் குவியல் முன் உட்கார்ந்து ஒவ்வொரு கதிராகத் திருப்பிப் பார்ப்பார். நுனிவரை மணி பிடித்திருக்க வேண்டும். மட்டை இறுக மூடியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் வண்டு ஏறிவிடும். தேறிய கதிரிலும் அடிமணியும் நுனிமணியும் சமையலுக்குப் போகும், நடுமணி மட்டும் விதைக்கு. ஒரு கதிரை எடுக்கப் போன என் கையைப் பிடித்து, “அது விதை” என்றார்.

மக்காச்சோளம் காற்றில் மகரந்தம் பரவும் பயிர். பக்கத்து வயலில் நீல மணி ரகம் இருந்தால், அந்த நீலம் இந்த வயல் கதிரில் அதே பருவத்தில் தெரியும். அப்படியும் வெள்ளை ரகம் வெள்ளையாகவே நிற்கிறது என்றால், வருஷா வருஷம் யாரோ பொறுக்கி எடுக்கிறார்கள். த்லயூதா அடைக்குப் பொலிட்டா ரகம், பொசோலே கஞ்சிக்கு ககவாசிந்த்லே ரகம். இதெல்லாம் வெறும் பாதுகாப்பா?

“நாட்டு ரகத்தில் விளைச்சல் குறைவுதானே?” என்பார்கள். பாசனமும் உரமும் இருந்தால் ஹைப்ரிட் அதிகம் தரும், சரி. மழையை நம்பிய மலைச்சரிவில் அந்தக் கணக்கு வேறு.

“அவர்களுக்கு மரபியல் தெரியுமா?” இந்தக் கேள்விதான் வலிக்கிறது. பாடப்புத்தகம் படிக்காதவர் செய்தால் அது வேலையில் சேராதா? வஹாக்காவின் சியெரா மிஹே மலையில் ஒரு நாட்டு மக்காச்சோளம் உண்டு. தண்டிலிருந்து இறங்கும் வேர்களில் பிசின் வடியும். அதிலுள்ள நுண்ணுயிர்கள் காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துக் கொடுக்கும். தனக்கு வேண்டிய தழைச்சத்தில் 29 முதல் 82 சதவீதம் வரை அந்தச் செடி இப்படிப் பெறுகிறது என்று 2018இல் ஆய்வு வெளியானது. உடனே விஞ்ஞானிகள் கண்டுபிடித்ததாகச் செய்தி. ஆய்வு செய்தவர்கள் மேல் எனக்குக் குறையில்லை. ஆனால் அந்த மக்காச்சோளத்தை அதுவரை தலைமுறை தலைமுறையாக விதைத்து எடுத்தது யார்?

நேரலை நடத்தியவர்களே, அந்தப் பதிவின் கீழ் ஒரு திருத்தம் போடுங்கள். முதல் வரியில் அந்த விவசாயிகள் இருக்கட்டும்.