விற்றவர் கட்டாத வரியை வாங்கியவர் ஏன் கட்ட வேண்டும்?

பொருளை வாங்கும்போதே ஜிஎஸ்டியையும் சேர்த்து வங்கி வழியாகச் செலுத்திவிட்டு, முறையான பில்லையும் கையில் வைத்திருக்கும் சிறு வணிகரிடம், "உங்களுக்கு விற்றவர் அந்த வரியை அரசுக்குக் கட்டவில்லை, ஆகவே நீங்கள் கட்டுங்கள்" என்று சொல்வது எந்த ஊர் நியாயம்? 2025 செப்டம்பர் 22 முதல் வரி விகிதங்களைப் பெரும்பாலும் 5, 18 என்று சுருக்கியபோது நானும் மனதார வரவேற்றேன். ஆனால் விற்றவர் வரியை அரசுக்குக் கட்டியிருந்தால்தான் வாங்கியவர் அதைக் கழித்துக்கொள்ளலாம் என்று சொல்லி எங்கள் கழுத்தை நெரிக்கும், ஜிஎஸ்டி சட்டத்தின் 16(2)(சி) பிரிவை யாரும் தொடவில்லை.

இந்த இறுக்கம் படிப்படியாக வந்தது. சப்ளையர் தாக்கல் செய்த கணக்கில் ஏறியிருக்கும் வரவுக்கு மேல் 20 சதவீதம் வரைதான் இன்புட் கிரெடிட் (வாங்கும்போது கொடுத்த வரியை, விற்கும்போது கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளும் வரவு) எடுக்கலாம் என்று 2019 அக்டோபரில் விதி வந்தது. 2020 ஜனவரியில் அது 10 சதவீதமாகவும், 2021 ஜனவரியில் 5 சதவீதமாகவும் குறைந்து, 2022 ஜனவரி முதல் அடியோடு போய்விட்டது. இன்று, சப்ளையர்களின் கணக்கிலிருந்து போர்ட்டல் நமக்குத் தயாரிக்கும் வரவுப் பட்டியலான ஜிஎஸ்டிஆர்-2பியில் ஏறாத ஒரு ரூபாயைக்கூட எடுக்க வழியில்லை.

ஒரு லட்ச ரூபாய்ச் சரக்குக்கு 18,000 ரூபாய் வரி கொடுத்திருக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சப்ளையர் அடுத்த மாதம் 11ஆம் தேதிக்குள் விற்பனைக் கணக்கான ஜிஎஸ்டிஆர்-1 போடாவிட்டால், 14ஆம் தேதி வரும் 2பியில் அந்தப் பில் இருக்காது. போன் செய்தால், "ஆடிட்டர் ஊரில் இல்லை, அடுத்த மாதம் ஏறிவிடும்" என்பார். ஆனால் 20ஆம் தேதி, வரியைக் கட்டும் ரிட்டர்னான 3பி போடும்போது, அந்த வரவைக் கழிக்க முடியாமல் அதே 18,000 ரூபாயை நாம் ரொக்கமாகக் கட்டியாக வேண்டும். அந்தச் சரக்கில் கிடைக்கும் லாபமே அவ்வளவு இருக்காது. அவர் ஜிஎஸ்டிஆர்-1 மட்டும் போட்டுவிட்டு, நிதியாண்டு முடிந்து வரும் செப்டம்பர் 30 வரை 3பி போடாமல் விட்டாலோ, 37ஏ விதிப்படி நவம்பர் 30-க்குள் நாமே அந்த வரவைத் திருப்பியாக வேண்டும். தவறினால் வட்டியும் சேரும். பதிவு முன்தேதியிட்டு ரத்தான சப்ளையரிடம் எப்போதோ வாங்கிய பில்லுக்கு, வருடங்கள் கழித்து நோட்டீஸ் வரும் கொடுமை தனி.

போலி பில் போட்டுக் கோடிக்கணக்கில் சுருட்டிய கும்பல்கள் இருப்பது உண்மைதான். அவர்களை விட்டுவிடச் சொல்லி யாரும் கேட்கவில்லை. ஆனால் வரி கட்டாதவரின் வங்கிக் கணக்கை முடக்கவும், சொத்திலிருந்து வசூலிக்கவும், பதிவை ரத்து செய்யவும் சட்டம் துறைக்குத்தான் அதிகாரம் கொடுத்திருக்கிறது. அவர் ரிட்டர்ன் போட்டாரா என்று போர்ட்டலில் பார்ப்பதைத் தவிர எங்களால் என்ன செய்ய முடியும்? அத்தனை அதிகாரத்தையும் வைத்துக்கொண்டு, கடையை மூடிவிட்டு ஓடாமல் ஒழுங்காகக் கணக்குக் காட்டும் ஒரே காரணத்துக்காக எங்களிடம் வருகிறார்கள் என்பதுதான் வயிற்றெரிச்சல். விற்றவரை விசாரிக்காமலும் அவரிடம் வசூல் நடவடிக்கை எடுக்காமலும் வாங்கியவருக்கு வரவை மறுத்த உத்தரவை, 2021-லேயே சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ரத்து செய்தது. ஆனாலும் நோட்டீஸ்கள் நின்றபாடில்லை. மேல்முறையீட்டுக்குப் போவதென்றால், தகராறில் உள்ள வரியில் 10 சதவீதத்தை முன்கூட்டியே கட்ட வேண்டும். வழக்கறிஞர் செலவு வேறு. தொகை சிறியதாக இருந்தால், வாதாடுவதைவிடக் கட்டித் தொலைப்பதே மேல் என்று பலரும் தலையைக் குனிந்துவிடுகிறார்கள்.

விற்றவரிடம் முழு வசூல் நடவடிக்கையையும் எடுத்துப் பார்த்த பிறகு, வாங்கியவரும் மோசடிக்கு உடந்தை என்று ஆதாரத்துடன் நிரூபித்தால் மட்டுமே அவருடைய வரவில் கை வைக்கலாம் என்று 16(2)(சி) பிரிவை ஜிஎஸ்டி கவுன்சில் திருத்த வேண்டும். அதுவரை இந்த நோட்டீஸ்களை நிறுத்தி வையுங்கள்.