எர்த்தா, அது எதுக்கு தம்பி?

மறுபடியும் அலாரம் 1. நான் வீட்டில் கட்டிய சிஎன்சி, அதாவது கம்ப்யூட்டர் சொல்படி மரம் செதுக்கும் மெஷின், நகரும் அச்சு எல்லையில் இருக்கும் லிமிட் ஸ்விட்சில் இடித்தால் போடும் கூச்சல் இது. லிமிட் ஸ்விட்சுக்கும் அச்சுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி இருக்கிறது, ஆனால் இடித்துவிட்டதாம். தேக்குப் பலகையில் 'முருகன் து' வரைக்கும் செதுக்கிவிட்டு அப்படியே நின்றுவிட்டது மெஷின். 'ணை' கிடைக்கவில்லை.

வீட்டில் சிஎன்சி கட்டினவர்களுக்கு அடுத்து என்ன வரும் என்று தெரியும். அறிவுரை. ஸ்விட்சை என்ஓ-விலிருந்து (சும்மா இருக்கும்போது திறந்திருப்பது) என்சி-க்கு (மூடியிருப்பது) மாற்று. மாற்றியாச்சு. மின் இரைச்சலை வடிகட்ட 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் போடு. போட்டாச்சு. ஷீல்டு கேபிள் (ஒயரைச் சுற்றி உலோக உறை போட்டது) இழு, ஒரு முனையை மட்டும் எர்த்தில் கொடு. கொடுத்தாச்சு. மோட்டார் டிரைவரில் விரெஃப் (மோட்டாருக்குப் போகும் கரண்டை நிர்ணயிக்கும் வோல்டேஜ்) பார். அதற்கும் லிமிட் ஸ்விட்சுக்கும் என்னய்யா சம்பந்தம்? சரி, அதையும் பார்த்தாச்சு. கடைசியாக ஒரு மேதை வந்தார்: ஜிஆர்பிஎல் (மெஷினை ஓட்டும் சாஃப்ட்வேர்) செட்டிங்கில் லிமிட் ஸ்விட்சைக் கவனிக்கும் 21-ஐ பூஜ்யமாக்கிவிடு, அலாரமே வராது. ஆமாம், வராது. அச்சு ஃபிரேமில் முட்டி பெல்ட்டின் பல் உதிரும்போதும் வராது.

ஸ்பிண்டிலை (செதுக்கும் பிட்டைச் சுழற்றும் மோட்டார்) நிறுத்திவைத்து ஓட்டினால் மணிக்கணக்கில் சாதுவாக ஓடுகிறது. ஸ்பிண்டில் சுற்றினால்தான் இந்தக் கூத்து. இன்றைக்கு மெஷினுக்குப் பவர் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் பெட்டியில் புறங்கை பட்டதும் சுரீர் என்றது. மல்டிமீட்டரை நேராகச் சுவரில் இருக்கும் பிளக் பாயின்ட்டில் வைத்தேன். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் 230. ஃபேஸுக்கும் எர்த்துக்கும் அதே 230 வர வேண்டும். மீட்டரோ வாய்க்கு வந்த எண்ணையெல்லாம் சொல்கிறது. மெயினை அணைத்து பிளேட்டைக் கழற்றினால், எர்த் முனையில் ஒயரே இல்லை. ஸ்க்ரூ கடையில் வாங்கிய பளபளப்போடு அப்படியே இருக்கிறது.

எஸ்எம்பிஎஸ் உள்ளே ஃபேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் பெட்டிக்கு ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் போகும். எர்த் இல்லாவிட்டால் பெட்டி நடுவில், 115 வோல்ட் வாக்கில், மிதக்கும். என் ஷீல்டு முனையைக் கொடுத்திருப்பதும் அதே பெட்டியில்தான். ஸ்பிண்டில் இரைச்சலைத் தடுக்கப் போட்ட ஷீல்டு, அதைப் பிடித்துத் தரும் ஏரியலாக வேலை பார்த்திருக்கிறது. அற்புதம்.

இந்த வீட்டுக்கு ஒயரிங் செய்த மகானைப் போனில் பிடித்தேன்.

"லைட் எரியுதா தம்பி?"

"எரியுதுண்ணே."

"ஃபேன் ஓடுதா?"

"ஓடுதுண்ணே. எர்த் வரல."

"எர்த்தெல்லாம் ஃபிரிட்ஜ் பாயின்ட்டுக்குத்தான் தம்பி. ரூமுக்கு எதுக்கு?"

"அப்புறம் ஏன்ணே மூணு ஓட்டை?"

"அது பிளக்கு ஆடாம நிக்கிறதுக்கு."

பிளக் ஆடாமல் நிற்பதற்கு! கரண்ட் தொடுவதற்கு முன்னால் எர்த் தொட வேண்டும் என்று அந்தப் பின்னை மட்டும் நீளமாகவும் தடிமனாகவும் செய்து வைத்திருக்கிறார்கள். இவர் அதை முட்டுக்கால் என்று நினைத்து எத்தனை வீட்டுக்கு ஒயரிங் செய்தாரோ.

அதோடு விட்டாரா? "வேணும்னா நியூட்ரல்ல இருந்து எர்த்துக்கு ஒரு லூப் அடிச்சு விட்டுறவா? அஞ்சு நிமிஷ வேலை."

அண்ணே, என்றைக்காவது நியூட்ரல் அறுந்தால் மெஷின் உடம்பு முழுக்க 230 வோல்ட் ஏறி நிற்குமே என்றேன்.

"நிறைய வீட்டுல போட்டிருக்கேன் தம்பி. இதுவரைக்கும் ஒருத்தரும் கம்ப்ளெயின்ட் பண்ணதில்லை."

பண்ணுவதற்கு ஆள் மிச்சம் இருக்க வேண்டாமா! சிரித்துவிட்டேன். அவரும் கூடவே சிரித்தார், எதற்கென்று தெரியாமல்.

மெயின் போர்டிலிருந்து ஒரு பச்சை ஒயர் இழுக்க வேண்டும், அவ்வளவுதான். ஹவுஸ் ஓனரைக் கேட்டால், "நீங்க காலி பண்ணும்போது கழட்டி எடுத்துக்கிட்டுப் போயிருவீங்க, எனக்கு எதுக்கு செலவு?" என்கிறார். யூனிட்டுக்கு 9 ரூபாய் வாங்குகிற மனுஷன்! தண்ணி மோட்டாருக்குத் தனிக் காசு வேறு. அந்தத் தண்ணியாவது ஒழுங்காக மாடிக்கு ஏறுகிறதா? காலை ஏழு மணிக்கு நான் தலையில் ஷாம்புவோடு நிற்கும்போதுதான் கீழே அவர் குரோட்டன்ஸுக்கு ஓஸைத் திறந்துவிடுவார்.