அகாமாஸுக்கு நல்ல சாலை வேண்டாம்

சைப்ரஸ் தீவின் வடமேற்கு முனையில் கடலுக்குள் நீண்டு கிடக்கிறது அகாமாஸ் தீபகற்பம். அங்கே போகும் மண் பாதையை அகலப்படுத்தி கான்கிரீட் போட வேண்டும் என்று யார் சொன்னாலும் எனக்குக் கோபம் வருகிறது. அந்தப் பாதையின் குண்டும் குழியும்தான் இத்தனை காலம் அந்த இடத்தைக் காப்பாற்றியிருக்கின்றன.

1960இல் நாடு சுதந்திரம் பெற்ற பிறகும் பிரிட்டிஷ் ராணுவம் பல வருஷம் அகாமாஸில் சுட்டுப் பயிற்சி எடுத்தது. குண்டு விழும் இடத்தில் யார் ஹோட்டல் கட்டுவார்கள்? தெற்கே பாஃபோஸ் கடற்கரை கட்டடங்களால் நிரம்பியபோது இங்கே பைன் காடும் ஜூனிபர் புதரும் தப்பித்தன. ராணுவத்துக்கு நான் நன்றி சொல்லவில்லை. அந்தப் பயிற்சியை உள்ளூர்க்காரர்களே எதிர்த்தார்கள், அது நின்றதும் நல்லதே. ஆனால் அது போன இடத்தில் அதே அளவு உறுதியான காவல் வரவில்லை.

அங்கே மழை என்றால் குளிர்காலம்தான். மே முதல் செப்டம்பர் வரை வானம் ஏறக்குறைய வறண்டே கிடக்கும். அந்தக் கோடையைத் தாங்க ஒவ்வொரு செடிக்கும் ஒரு வழி உண்டு. கேரப் மரம் தடித்த இலையில் ஈரத்தைப் பிடித்து வைக்கும். தைம் செடி இலையைச் சுருக்கி, எண்ணெய் வாசனையோடு தரையை ஒட்டி நிற்கும். எனக்கு மிகவும் பிடித்தது கடல் வெங்காயம், நம்ம ஊர் நரிவெங்காயத்தின் நெருங்கிய சொந்தம். கோடையில் இலை முழுக்கக் காய்ந்துவிடும், மண்ணுக்குள் கிழங்கு மட்டும் இருக்கும். அப்புறம் கோடை முடியும் நேரத்தில், ஒரு துளி மழைகூட விழாமலேயே, இலையில்லாத தண்டில் ஆளுயரத்துக்கு வெள்ளைப் பூ! அகாமாஸில் இருக்கும் அவாகாஸ் என்ற பள்ளத்தாக்கின் சுண்ணாம்புப் பாறைச் சுவரில் தொங்கும் சென்டாரியா அகமான்டிஸ் என்ற ஊதாப் பூச்செடிக்கு அந்தப் பள்ளத்தாக்கையும் அதன் அக்கம்பக்கத்தையும் விட்டால் உலகத்தில் வேறு வீடே கிடையாது.

மேற்குக் கரையில் லாரா கடற்கரை. பச்சைக் கடலாமையும் பெருந்தலை ஆமையும் கோடையில் முட்டையிட வருகின்றன. 1978 முதல் அங்கே பாதுகாப்பு வேலை நடக்கிறது. நரி தோண்டாமல் இருக்க முட்டைக் குழிகளுக்கு மேல் கூண்டு வைக்கிறார்கள். கூடு வைக்கும் மாதங்களில் வண்டிக்கும் குடைக்கும் இரவுத் தங்கலுக்கும் தடை. இந்த எளிய ஏற்பாட்டால் பச்சைக் கடலாமைக் கூடுகள் பெருகியிருக்கின்றன. நினைக்கவே சந்தோஷமாக இருக்கிறது.

ஆனால் இப்போது மணலே சுடுகிறது. குட்டி ஆணா பெண்ணா என்பதை மணலின் சூடு முடிவு செய்கிறது. ஏறக்குறைய 29 டிகிரிக்கு மேல் போகப் போகப் பெண் குட்டிகளே அதிகம், இன்னும் ஏறினால் முட்டை வெந்துவிடும். உலகம் சூடாவதை ஒரு சின்னத் தீவின் வனத்துறையால் நிறுத்த முடியாது. ஹெட்லைட்டையும் ஹோட்டல் வெளிச்சத்தையும் நிறுத்த முடியும். பொரித்து வெளியே வரும் குட்டி, வெளிச்சம் இருக்கும் பக்கம்தான் கடல் என்று நம்பி ஓடுகிறது. மனிதத் தொல்லையால் திறந்த மணலை விட்டுக் கடற்குகைக்குள் ஒதுங்கிய மங்க் சீல் என்ற கடல்நாய்க்கும் இனி ஒதுங்க இடமில்லை. தெற்கே பெயியா என்ற ஊர்ப் பக்கத்துக் குகைகளுக்கு அருகிலேயே வில்லாக்கள் வந்துவிட்டன.

2024 ஏப்ரலில் அகாமாஸ் தேசிய வனப் பூங்காவின் சாலை வேலையை, சுற்றுச்சூழல் நிபந்தனைகளை மீறியதற்காக அரசே நிறுத்தியது. அதற்குள் வெட்டியது வெட்டியதுதான். காய்ந்த ஜூலையில் ஆயிரம் கார் உள்ளே போனால், காடு பற்றிக்கொள்ள ஒரு சிகரெட் துண்டு போதாதா?

சரி, சுற்றியுள்ள கிராமத்துக்காரர்கள் கேட்பது நியாயமான கேள்வி. பக்கத்து ஊர்க்காரர் நிலத்தை விற்றுப் பணக்காரராகிவிட்டார், எங்கள் நிலத்தில் மட்டும் ஏன் கை வைக்க முடியவில்லை? இதற்குப் பதில் சொல்லாமல் ஆமையைப் பற்றி மட்டும் பேசுவது அநியாயம். கட்ட முடியாத நிலத்துக்கு அரசு உரிய இழப்பீடு கொடுக்கட்டும். பழைய கல் வீடுகளைத் தங்குமிடமாக்க அவர்களுக்குக் கடன் கிடைக்கட்டும். வெளியூர் கார்கள் கிராமத்திலேயே நிற்கட்டும். அங்கிருந்து லாராவுக்குச் சிறு பஸ்களை அந்த ஊர்க்காரர்களே ஓட்டட்டும், பகலில் மட்டும், அந்த மண் பாதையிலேயே.