கசகசாவைப் பிடுங்கும் முன் ரோட்டைப் போடுங்கள்

அபின் வயலை ராணுவம் வெட்டிச் சாய்க்கிற படம் வந்தால் கைதட்ட ஆள் நிறைய. (குருமாவுக்கு அரைக்கிற கசகசா அதே செடியின் விதைதான். அபின், அதன் பச்சைக் காயைக் கீறினால் வடிகிற பால்.) வெட்டின வயலில் அடுத்த வருஷம் என்ன விளையும் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. பல இடங்களில் அதே கசகசாதான், இன்னும் நாலு மலை தள்ளி.

பேராசையில் போடுகிறார்கள் என்பது மேம்போக்கான பேச்சு. எடையைப் பாருங்கள். மியான்மரில் 2023-இல் ஐ.நா. மதிப்பீட்டின்படி 47,100 ஹெக்டேரில் 1,080 டன் அபின். ஹெக்டேருக்கு 23 கிலோ. ஒரு ஆள் முதுகில் கட்டிக்கொண்டு மலை இறங்கிவிடலாம். விவசாயி கைக்குக் கிலோவுக்குச் சுமார் 355 டாலர். காய்ந்த பால் லேசில் கெடாது. நாலைந்து மாதத்தில் அறுவடை. வியாபாரி வாசலுக்கே வருவான், விதைக்கிறபோதே முன்பணமும் தருவான். ரோடும் பேங்க்கும் இல்லாத ஊரில் அந்தச் செடிதான் ரோடு, அதுதான் பேங்க்.

அதே மலையில் அராபிகா காப்பி வைத்துப் பாருங்கள். ஒரு கிலோ கொட்டைக்கு 5 முதல் 6 கிலோ பழம் சுமக்கணும். பறித்த அன்றே பல்ப்பரில் போட்டுத் தோலுரிக்கணும். குவித்து வைத்தால் சூடேறிப் புளித்துவிடும். தோல் போனாலும் கொட்டையைச் சுற்றி வழவழப்பு நிற்கும், அதைத் தொட்டியில் 12 முதல் 36 மணி நேரம் ஊறவிடணும். குளிர் கூடினால் நேரமும் கூடும். கைப்பிடி எடுத்துத் தேய்த்தால் கூழாங்கல் மாதிரி சரசரக்கணும், அப்போதுதான் அலசலாம். பிறகு வலைப்பரணில் பரப்பி, கிளறிக் கிளறி, ஈரப்பதம் 11-12 சதவீதத்துக்கு வரும்வரை காயவைக்கணும். அவசரப்பட்டு அதற்கு முன்பே மூட்டை கட்டினால் பூஞ்சணம். கைச்செலவுக்குக் காசில்லாதவன் பச்சைக்காயும் பழமுமாக உருவிப் போடுவான், விலை பாதியாகும், "காப்பி சரிப்படாது" என்று முடிவும் கட்டிவிடுவான்.

இத்தனையும் நாற்று நட்டு மூணு நாலு வருஷம் கழித்து. அதுவரை வீட்டில் உலை எப்படிக் கொதிக்கும்? நாற்றும் உர மூட்டையும் கொடுத்துப் போட்டோ எடுத்துக்கொண்டு போகிற திட்டங்கள் எல்லாம் தலைகுப்புற விழுவது இந்த இடத்தில்தான்.

தாய்லாந்து இதைப் புரிந்துகொண்டது, ஆனால் நிதானமாக. அபினுக்குத் தடை 1959-இல். மன்னர் பூமிபோலின் ராயல் புராஜெக்ட் தொடங்கியது 1969-இல். வயலை வெட்டுவது மும்முரமானது 1980-களின் நடுவில்தான், மாற்று வருமானம் ஓரளவு வேர்பிடித்த பிறகு. சியாங் ராய் மாகாணத்தில் தோய் துங் திட்டத்தை மன்னரின் தாயார் 1988-இல் தொடங்கினார். அங்கே எடுத்த எடுப்பில் காப்பியை நம்பச் சொல்லவில்லை. மொட்டையாகிப்போன மலையில் மரம் நட ஊர்க்காரர்களுக்கே தினக்கூலி, அபினுக்கு அடிமையானவர்களுக்கு 1,000 நாள் மறுவாழ்வு. கூலி கையில் புழங்கிக்கொண்டிருக்க, காப்பியும் மெக்கடமியா என்கிற கொட்டைப்பயிரும் பின்னால் வந்தன. பிறகு வறுப்பது, பொட்டலம் போடுவது, சொந்தப் பெயரில் கடை திறப்பது வரை போனார்கள். பழமாக விற்பதில் பெரிதாக ஒன்றும் மிஞ்சாது, லாபமெல்லாம் வறுத்த கொட்டையில்தான்.

குறை இல்லாமல் இல்லை. மலைமக்கள் பலருக்கு அப்போது குடியுரிமையே கிடையாது, நிலத்துக்குப் பத்திரமும் இல்லை. காப்பி பல வருஷம் நிற்கிற மரம். நாளைக்கு வனத்துறை வெளியே போ என்றால் போகவேண்டிய நிலத்தில் எவன் மரம் வைப்பான்? கசகசாவுக்குப் பட்டா தேவையில்லை, ஒரு பருவம் போதும்.

ஒரே பயிரை நம்புவதும் ஆபத்து. 1869-இல் சிலோனில் தலைகாட்டிய இலைத்துரு நோய் இருபது வருஷத்துக்குள் அங்கே காப்பியைத் துடைத்துவிட்டுத் தேயிலையைக் கொண்டுவந்தது. மலையகத் தமிழருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நோய் தாங்கும் கேட்டிமோர் ரகம் வைத்தாலும், ஊடே காய்கறியும் நிழலுக்குப் பழமரமும் இருந்தால்தான் விலை சரிகிற வருஷத்தில் தாக்குப்பிடிக்க முடியும்.

தலைகீழாகச் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு ஆப்கானிஸ்தான் இருக்கிறது. 2022 ஏப்ரலில் தாலிபான் தடை. விவசாயிகளின் அபின் வருமானம் 136 கோடி டாலரிலிருந்து மறு வருஷம் 11 கோடியாக விழுந்தது. நிறையப் பேர் கோதுமைக்கு மாறினார்கள், அதில் வருவது அபின் காசில் சின்னத் துணுக்கு.

கொலம்பியாவில் தடி எடுக்கவில்லை, ஒப்பந்தம் போட்டார்கள். FARC கிளர்ச்சிக்குழுவுடன் 2016-இல் போட்ட சமாதான உடன்பாட்டுக்குப் பிறகு, கோக்கா (கொக்கெய்ன் எடுக்கிற செடி) பயிரிட்ட சுமார் 99,000 குடும்பங்கள் மாற்றுப்பயிர்த் திட்டத்தில் சேர்ந்து, 40,000 ஹெக்டேருக்கு மேல் தாங்களாகவே பிடுங்கினார்கள். சொன்ன வாக்கை அவர்கள் காப்பாற்றிவிட்டார்கள். மாதம் 10 லட்சம் பெசோ வீதம் ஒரு வருஷத்துக்கான உதவித்தொகை தீர்ந்தபோது, பலருக்கு அடுத்த பயிருக்கான நாற்றுகூட வந்து சேரவில்லை. வந்திருந்தாலும், மாற்றாக வைக்கிற கொக்கோ (சாக்லேட்டுக்கானது) காய்க்க இன்னும் மூணு வருஷம்.