நாலு கம்பனி ஆக்கிவிட்டால் போட்டி வந்துவிடுமா?

போன கிழமை யாழ்ப்பாணத்து இணுவிலில் நாங்கள் வழமையாகத் தூள் அரைக்கும் மில்லுக்குப் போயிருந்தேன். செத்தல் மிளகாயும் மல்லியும் அரைபட்டுக்கொண்டிருக்க, நெடி தாங்காமல் வாசலில் வந்து நின்ற என்னிடம் மில்கார அண்ணை கேட்டார்: "தம்பி, மின்சார சபையை நாலாப் பிரிக்கினமாம். இனி நான் எந்தக் கொம்பனியிட்டக் கரண்ட் எடுக்கலாம்? மலிவாத் தாறவையிட்டப் போகலாமோ?"

இல்லை அண்ணை, உங்களுக்கு வருகிற வயர் ஒன்றுதான், பில் தருகிறவரும் ஒருவர்தான் என்றேன். தூள் படிந்த கையைச் சாரத்தில் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "அப்ப ஏன் பிரிக்கினம்?"

இந்தக் கேள்விக்கு அந்த வாசலில் நின்றபடி ஒழுங்கான பதில் சொல்ல என்னால் முடியவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு. நீளமாகத்தான் இருக்கும், பொறுமையுள்ளவர்கள் வாசியுங்கள்.

1969 இல் தொடங்கிய இலங்கை மின்சார சபை மின்சாரத்தைப் பிறப்பிப்பது, தனியாரிடம் வாங்குவது, உயர் அழுத்தக் கம்பிகளில் நாடு முழுக்கக் கொண்டுபோவது, வீட்டுக்குக் கொடுத்துப் பணம் அறவிடுவது என்று எல்லாவற்றையும் ஒரே கையில் வைத்திருந்தது. நீர்கொழும்பிலிருந்து காலி வரையான கரையோரத்தில் சில இடங்களுக்கு மட்டும் 1983 இல் உருவான லெக்கோ என்ற கம்பனி விநியோகிக்கிறது. சபையைப் பிரிக்கவேண்டும் என்ற பேச்சு பழையது, 2002 இலேயே அதற்கொரு சட்டம் வந்து நடைமுறைக்கு வராமல் போனது. பிறகு 2022 இன் நெருக்கடி, ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு, அந்த ஓகஸ்ட்டில் கட்டணம் 75 வீதம் கூடியது, ஆறு மாதம் கழித்து 2023 பெப்ரவரியில் இன்னொரு 66 வீதம். அந்த அடியோடுதான் மறுசீரமைப்பு திரும்பவும் மேசைக்கு வந்து 2024 இல் 36 ஆம் இலக்கச் சட்டம் ஆனது. முதலில் பேசப்பட்டது 12 கம்பனிகள். அரசாங்கம் மாறிய பிறகு 2025 ஓகஸ்ட்டில் வந்த திருத்தம் அதை நான்காகச் சுருக்கியது: உற்பத்திக்கு ஒன்று, மின்கடத்தலுக்கு ஒன்று, எந்த நேரம் யாரிடம் எவ்வளவு எடுப்பது என்று பார்க்கிற முறைமை இயக்குநர் ஒன்று, விநியோகத்துக்கு ஒன்று. நான்கும் அரசுக்கே சொந்தம்.

அரசுக்குச் சொந்தமாக இருப்பதில் எனக்குக் கோபம் இல்லை, கம்பியும் தூணும் அரசிடம்தான் இருக்கவேண்டும். கே.கே.எஸ். (காங்கேசன்துறை) வீதி நெருக்கமாக இருக்கிறது என்பதற்காக அதற்குப் பக்கத்திலேயே இன்னொருவர் ஒரு கே.கே.எஸ். வீதி போட்டுச் சுங்கம் வாங்க முடியாது, கம்பியும் அப்படித்தான். போட்டி வரக்கூடிய இடம் அந்தக் கம்பிக்குள் மின்சாரத்தை ஏற்றுகிற இடம். அங்கே போட்டி வந்தால் என்ன நடக்கும் என்பதற்கு லண்டன், நோர்வே வரை போகத் தேவையில்லை, மன்னாருக்குப் போனால் போதும்.

மன்னாரிலும் பூநகரியிலும் சேர்த்து 484 மெகாவாட் காற்றாலை போட அதானி நிறுவனத்தோடு பேசப்பட்ட விலை அலகுக்கு 8.26 அமெரிக்க சதம். திறந்த கேள்விப்பத்திரம் (ரெண்டர்) இல்லாமல், நேரடியாகப் பேசிய விலை. விலையை மீளாய்வு செய்யப் புதிய அரசாங்கம் வெளிக்கிட்டதும் 2025 பெப்ரவரியில் அந்த நிறுவனம் விலகிக்கொண்டது. அதே மன்னாரில் 50 மெகாவாட் காற்றாலைக்குக் கேள்விப்பத்திரம் கோரியபோது ஒரு உள்ளூர் நிறுவனம் கேட்ட விலை 4.65 சதம். இரண்டும் ஒரே அளவான திட்டங்கள் இல்லை, காலமும் கொஞ்சம் தள்ளி, அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் ஒரே கடற்கரை, ஒரே காற்று, அலகுக்கு 3.61 சதம் வித்தியாசம். ஒரு கோடி அலகுக்கு 3 இலட்சத்து 61 ஆயிரம் டொலர், அதுவும் 20 வருடம். அந்த வித்தியாசத்தை வேறு யாரும் கட்டியிருக்கமாட்டார்கள், மில்கார அண்ணையும் நானும் நீங்களும்தான் கட்டியிருப்போம்.

ஆகவே போட்டி வேண்டாம் என்று சொல்பவர்களோடு நான் இல்லை. தனியார் என்ற சொல்லைக் கேட்டவுடன் கொடி பிடிக்கிற தொழிற்சங்கங்களின் பயம் எனக்கு விளங்குகிறது, ஆனால் மூடிய அறைக்குள் பேசித் தீர்க்கும் விலைதான் எங்களை இவ்வளவு காலமும் தின்றது.

பிரித்ததில் ஒரு உருப்படியான பலன் இருக்கிறது, அதை ஒருவரும் பெரிதாகப் பேசுவதில்லை. முறைமை இயக்குநரைத் தனியாக எடுத்தது. முன்பு மின் நிலையங்களை வைத்திருப்பவரும், இன்றைக்கு எந்த நிலையத்தை ஓட்டுவது என்று தீர்மானிப்பவரும் ஒரே வீட்டுக்காரர். இனி மலிவானதை முதலில் எடு, விலை கூடினதைக் கடைசியாக எடு என்ற வரிசையை ஒரு பக்கமும் சாயாமல் ஒருவர் பார்க்கலாம். பார்க்கலாம் என்றுதான் சொல்கிறேன். அந்த வரிசை ஒவ்வொரு நாளும் வெளியில் போடப்பட்டால்தான் எனக்கு நம்பிக்கை வரும்.

அதேநேரம் நாளைக்கே மின்சாரச் சந்தை ஒன்றைத் திறந்து, பங்குச்சந்தை மாதிரி மணித்தியாலத்துக்கு மணித்தியாலம் விலை ஏற இறங்க விடவேண்டும் என்று சிலர் எழுதுகிறார்கள். எங்கள் நாட்டின் உச்சத் தேவையே 3,000 மெகாவாட் அளவுதான். அதில் நுரைச்சோலை நிலக்கரி நிலையம் ஒன்றே 900. இவ்வளவு சின்னச் சந்தையில் இரண்டு பேர் சேர்ந்து இன்றைக்கு எங்கள் இயந்திரம் பழுது என்று நிறுத்தினால் விலை எங்கே போய் நிற்கும்? கலிபோர்னியாவில் 2000, 2001 இல் இதுதான் நடந்தது. என்ரோன் மாதிரியான வியாபாரிகள் தட்டுப்பாட்டைச் செயற்கையாக உருவாக்கிக் காசு பார்த்தார்கள், சனம் இருட்டில் இருந்தது. அவ்வளவு பெரிய மாநிலத்துக்கே அந்த நிலை. எங்களுக்கு இப்போதைக்குத் தேவை ஒழுங்கான கேள்விப்பத்திரமும் நீண்டகால ஒப்பந்தமும்.

சரி, யாழ்ப்பாணத்துக்கு வருகிறேன்.

1990 இல் போரோடு, எங்களுக்கு வந்துகொண்டிருந்த மின்கம்பி அறுந்தது. அதற்குப் பிறகு வந்த வருடங்களில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும், ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் மண்ணெண்ணெய், பஞ்சுத் திரி, அதை ஒரு கம்பியால் நிறுத்தி, சின்னச் சுடர். ஒரு போத்தல் எண்ணெயை எத்தனை நாளுக்கு இழுக்கலாம் என்று அம்மா கணக்குப் பார்ப்பா. நானும் தங்கச்சியும் அந்த ஒரே விளக்கின் இரண்டு பக்கமும் இருந்து படித்தோம். சைக்கிளைக் கவிட்டு வைத்து, ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவில் றேடியோ கேட்ட காலம். பிறகு கரண்ட் வந்தபோதும் அது இங்கேயே எண்ணெயில் ஓடிய இயந்திரங்களின் கரண்ட், நாட்டிலேயே விலை கூடின மின்சாரம். 2013 இல் கிளிநொச்சி வழியாகச் சுன்னாகத்துக்குப் பெருங்கம்பி வந்து தேசிய மின்வலையோடு சேர்ந்த பிறகுதான் மலைநாட்டு நீர்மின்சாரமும் நுரைச்சோலையும் எங்கள் வீட்டுச் சுவிட்சுக்கு எட்டியது.

இதே கதை கடலுக்கு அந்தப் பக்கமும் நடந்தது. 2012 இல் தமிழ்நாட்டில் சொந்தக்காரர் இருந்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும், சில ஊர்களில் அரை நாளுக்கும் மேல் மின்சாரம் இல்லை. இந்தியாவில் மின்சாரச் சந்தை 2008 இலேயே தொடங்கிவிட்டது, வடக்கே விற்க ஆட்களும் இருந்தார்கள். ஆனால் தெற்குக்குக் கொண்டுவரப் போதிய கம்பி இல்லாததால் அதே சந்தையில் தெற்கின் விலை மட்டும் உயர்ந்து நின்றது. 2013 டிசம்பர் 31 ஆம் திகதிதான் றாய்ச்சூர்–சோலாப்பூர் கம்பி வழியாகத் தென்னக மின்வலை மற்றப் பகுதிகளோடு ஒன்றானது. பிராந்தியத்துக்குப் பிராந்தியம் போட்டி என்று பேசுபவர்கள் முதலில் கம்பியைப் பற்றிப் பேசவேண்டும். கம்பி இல்லாத இடத்தில் சட்டத்தில் எத்தனை கம்பனி எழுதினாலும் இருப்பவன் வைத்ததுதான் விலை. மன்னாரையும் தமிழ்நாட்டையும் இணைக்கும் கம்பிக்கு 2025 ஏப்ரலில் புரிந்துணர்வு ஒப்பந்தம் எழுதியிருக்கிறார்கள். அது வந்தால் வாங்கவும் விற்கவும் வழி திறக்கும். வரவேண்டும் என்றுதான் ஆசைப்படுகிறேன்.

ஆனால் மலிவு விலைக்குள் அடங்காத கணக்கும் இருக்கிறது. சுன்னாகத்தில் கிணற்றில் அள்ளிய வாளியில் எண்ணெய்ப் படலம் மிதந்ததை இந்தப் பக்கத்துச் சனம் கண்ணால் பார்த்தது. சுண்ணாம்புக்கல் நிலம், ஒரு இடத்தில் ஊற்றியது எங்கே போய்ச் சேரும் என்று சொல்ல முடியாது. ஊர் ஊராகக் கிணற்றை விட்டுவிட்டுப் பவுசர் தண்ணீருக்குக் குடத்தோடு நின்றோம். அங்கே இயங்கிய தனியார் மின் நிலையம் இரண்டு கோடி ரூபாய் இழப்பீடு கொடுக்கவேண்டும் என்று 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒரு கிணற்றைத் துப்புரவாக்கவே எவ்வளவு செலவாகும் என்று பார்த்தால் அது எவ்வளவு சின்னத் தொகை! அப்புறம் மன்னார்த் தீவில் 2025 இல் சனம் காற்றாலைக்கு எதிராக நாட்கணக்கில் வீதியில் இருந்தது. வெள்ளம் வடியும் வழி, பறவை, மீன்பிடி என்று அவர்கள் சொன்னதையெல்லாம் அபிவிருத்திக்கு எதிரான பேச்சு என்று தள்ளிவிட முடியாது. 4.65 சதத்தை நான் மேலே புகழ்ந்துவிட்டேன், அந்த விலைக்குள் மன்னார்ச் சனத்தின் பங்கு எவ்வளவு என்று கேட்கிற உரிமையும் சேர்ந்து வரவேண்டும்.

என்னுடைய பெரிய ஏமாற்றம் விநியோகத்தில்தான். சபை விநியோகத்தை நான்கு பிரிவாக வைத்திருந்தது, பக்கத்தில் லெக்கோ. அவை தனித்தனிக் கம்பனிகளாக வந்திருந்தால் ஒன்றோடொன்றை ஒப்பிடலாம்: யார் கம்பியில் எத்தனை வீதம் வீணாகிறது, ரான்ஸ்போமர் எரிந்தால் யார் எத்தனை மணித்தியாலத்தில் மாற்றுகிறார், புது இணைப்புக்கு யார் எத்தனை நாள் எடுக்கிறார். வாடிக்கையாளரைப் பிடிக்கும் போட்டியாக அது இருக்காது, இருந்தாலும் அடுத்த வீட்டுப் பிள்ளையின் மார்க்கோடு ஒப்பிட்டால் எங்கள் வீட்டுப் பிள்ளைக்கு வருகிற ரோசம் மாதிரி ஒன்று வரும். இப்போது சபையின் நான்கு பிரிவும் ஒரே கம்பனிக்குள். வடக்குக்குத் தனிக் கட்டணம் வேண்டாம், அதில் நான் தெளிவாக இருக்கிறேன். தூரத் தூர வீடுகள், பெரிய தொழிற்சாலை இல்லை, தனிக் கணக்கு என்றால் எங்கள் பில்தான் கூடும். ஒரே கட்டணம் இருக்கட்டும், ஆனால் மாகாணத்துக்கு மாகாணம் இந்த விபரங்களைத் தனித்தனியாக வெளியிட ஒரே கம்பனி தடையில்லையே.

மில்கார அண்ணையின் கூரைக்கு வருகிறேன். 2016 இல் தொடங்கிய கூரைச் சோலர் திட்டத்தில் முதல் ஏழு வருடம் அலகுக்கு 22 ரூபாய், பிறகு 15.50 என்று சொன்னதை நம்பிப் போட்டவர்களில் அவரும் ஒருவர். யாழ்ப்பாணத்து வெயிலுக்குக் கேட்கவா வேண்டும். 2025 பெப்ரவரி 9, ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறைத் துணை மின் நிலையத்தில் குரங்கு பாய்ந்து நாடே இருண்டது. மின்தேவை குறைந்த பகலில் சோலர் கூடி நிற்க, மின்வலை அந்த அதிர்ச்சியைத் தாங்கவில்லை என்றார்கள். அந்தச் சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் கூரைச் சோலரைப் பகலில் நிறுத்திவைக்கச் சொல்லி அறிவித்தல் வந்தது. வருடப்பிறப்பன்று, கைவிசேடம் வாங்கிக்கொண்டு போன பிள்ளைகளுக்கு முன்னால், கடனில் போட்ட சோலரின் சுவிட்சை அண்ணை தன் கையாலேயே இறக்கிவிட்டார். "நல்ல வெயில் தம்பி" என்று மட்டும் சொன்னார்.

பகலில் மிஞ்சுவதை வீசிவிட்டு இரவில் எண்ணெயை எரிக்கிறோம். இதற்கு பற்றரி வேண்டும், பகலில் மலிவாகவும் இரவில் கூடுதலாகவும் விலை வேண்டும், அதற்குமேல் அண்ணையின் கூரையில் மிஞ்சுவதைப் பொதுக் கம்பிக்கு வாடகை கட்டிப் பக்கத்து ஐஸ் தொழிற்சாலைக்கோ தோட்டத்து நீர் இறைக்கும் மோட்டருக்கோ விற்க அனுமதி வேண்டும். கோண்டாவில், உரும்பிராய்ப் பக்கம் வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் நீர் இறைப்பது பெரும்பாலும் பகலில்தான், வெயிலும் மோட்டரும் ஒரே நேரத்தில் வேலை செய்யும். இதை ஒரு கூட்டுறவுச் சங்கம் செய்யலாம். மூளாயில் கூட்டுறவு வைத்தியசாலையே நடத்திய சமூகம் நாங்கள், ஐம்பது கூரையையும் ஒரு பற்றரியையும் நடத்த முடியாதா? எனக்குத் தெரிய, யாழ்ப்பாணத்தில் போட்டி என்ற சொல்லுக்கு உயிர் வருமென்றால் இந்த இடத்தில்தான் வரும்.

நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் சோலரும் காற்றாலையும் பற்றரியும் போட ஒழுங்காகக் கேள்விப்பத்திரம் கோரி, 2021 இல் ஒரு சீன நிறுவனம் தெரிவானது. இந்தியா விரும்பவில்லை, நின்றுபோனது, 2022 இல் இந்திய நன்கொடையாக மாறியது, 2024 இல்தான் வேலைக்கு ஒப்பந்தம் எழுதினார்கள். மூன்று வருடம். அந்த மூன்று வருடமும் தீவுகளில் டீசல் எரிந்தது. நன்கொடைக்கு நன்றி, ஆனால் எங்கள் தீவின் விளக்கை யார் ஏற்றுவது என்ற பேச்சில் தீவுச் சனத்தை ஒருவரும் கேட்கவில்லை.

கட்டணத்தை மாற்றமுன் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு மாகாணங்களுக்கு வந்து வாய்மொழியாகக் கருத்துக் கேட்கிறது. கட்டணம் கூடினால் திட்டுகிற நாங்கள் அந்த மண்டபத்துக் கதிரைகளை வெறுமையாக விடுகிறோம். அடுத்தமுறை அண்ணையும் நானும் போவதாகப் பேசி வைத்திருக்கிறோம். அவர் தன் ஏப்ரல் மாத சோலர் பில்லைக் கொண்டுவருகிறார், நான் வடக்கு மாகாணத்தின் மின் இழப்புக் கணக்கைத் தனியாகத் தரச்சொல்லி எழுத்தில் கொடுக்கப்போகிறேன். வரக்கூடியவர்கள் கீழே சொல்லுங்கள், சேர்ந்தே போவோம்.